ஒலியால் காணும் பணி: அதற்கு வேண்டிய திறனும் இயல்பும்

“ஸ்கேன் எடுத்தாயிற்றா?” என்னும் வினா இன்று நம் வீடுகளில் “பசியாறியாயிற்றா?” என்பதைப் போல இயல்பாகிவிட்டது. வயிற்றில் வலி என்றாலும், நீர்க்கடுப்பு என்றாலும், மகள் கருவுற்றிருக்கிறாள் என்ற நற்செய்தி வந்தாலும் அடுத்து எழும் கேள்வி அதுவே. ஆயினும் அந்த அரையிருள் அறையில் திரைக்கு முன் அமர்ந்து பணியாற்றுவோர் யார், அவர்கள் கற்றது என்ன, அவர்களிடம் எத்தகைய இயல்பு அமைந்திருக்க வேண்டும் என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

ஒவ்வோராண்டும் மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து, “பிள்ளையை ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பில் சேர்க்கலாமா?” என்று கேட்பதுண்டு. தமிழ்த்துறையைச் சார்ந்த நம்மிடம் இக்கேள்வி வருவானேன் என வியக்க வேண்டா. ஊரில் படித்தவர் என்று பெயர் பெற்றவரிடம் எல்லாக் கேள்விகளும் வந்து சேர்வது வழக்கம். கேட்போர் கையில் பெரும்பாலும் ஒரு துண்டு விளம்பரமும் இருக்கும். ஆறே மாதத்தில் படிப்பு, உடனே வேலை, வெளிநாட்டு வாய்ப்பு என்று அது உறுதி கூறும். அவ்வுறுதிமொழி உண்மைதானா என்று அறியப் புகுந்தே நாம் இத்துறையைப் பற்றிச் சிறிது கற்கலானோம். கற்றவற்றுள் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படுவனவற்றை இம்மலரில் எழுதுகிறோம்.

ஒலி காட்டும் உருவம்

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க வல்லது. அதற்கும் மேற்பட்டதை மீயொலி என்கிறோம். கேளாவொலி என்று வழங்குவாரும் உளர். மருத்துவ ஆய்வில் பெரும்பாலும் பயன்படுவது நொடிக்கு இருபது இலட்சம் முதல் ஒன்றரைக் கோடி வரையிலான அதிர்வுகளையுடைய ஒலி. துறையினர் இதனை 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் என்பர். கையில் பிடிக்கும் சிறு கருவிக்குள் சில படிகங்கள் உள்ளன. மின்னூட்டம் பெற்றால் அவை அதிர்ந்து ஒலி எழுப்பும்; திரும்பி வரும் எதிரொலி அவற்றின்மேல் மோதினால் மீண்டும் மின்சாரம் பிறக்கும். படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880ஆம் ஆண்டில் பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர்.

மென்மையான உடல் திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தோலிலிருந்து 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஓர் உறுப்பைத் தொட்டு ஒலி மீள எடுக்கும் நேரம் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அந்நேரத்தைக் கணித்து, ஒவ்வோர் எதிரொலியும் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது எனக் கண்டு, திரையில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோலம் இடுவதுபோல் உருவத்தை வரைகிறது கணிப்பொறி. எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. கருவுற்ற தாய்க்கு இம்முறை ஏற்றதாகக் கொள்ளப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

காணுதல் பற்றிய பேச்சில் இப்னுல் ஹைஸமை நினையாதிருக்க இயலவில்லை. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பேரறிஞர், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் தம் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காட்சி தோன்றுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால் காண்கிறோம் என நிறுவினார். மீயொலிக் கருவியோ தானே ஒலியை அனுப்பித் தானே திரும்பப் பெற்றுக் காண்கிறது. அவர் மறுத்த கொள்கை ஒளிக்குப் பொருந்தாது போயினும் ஒலிக்கு ஒருவாறு பொருந்திவிட்டதை அவர் கண்டிருந்தால் புன்னகை பூத்திருப்பார்.

இக்கருவி மருத்துவமனையில் பிறந்ததன்று, தொழிற்சாலையிலிருந்து வந்தது. உலோகத் தகட்டின் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என ஒலியால் ஆராயும் பொறியொன்று இருந்தது. கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், 1955ஆம் ஆண்டில், அறுத்தெடுத்த கட்டிகளைத் தம் ஊர்தியில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் தொழிற்சாலை ஒன்றிற்குச் சென்று, அப்பொறியால் அவற்றை ஆய்ந்து பார்த்தார். திண்மையான கட்டிக்கும் நீர் நிறைந்த கட்டிக்கும் எதிரொலி வேறுபடுவதைக் கண்டார். பின்னர்ப் பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் ஆகியோருடன் சேர்ந்து 1958இல் ‘லான்செட்’ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையே வயிற்றுப் பகுதி ஆய்வுக்கு வழி திறந்தது. மருத்துவரும் பொறியாளரும் கூடிச் செய்த முயற்சி அது. இன்றும் இப்பணிக்கு வருவோர் உடற்கூறும் இயற்பியலும் ஒருசேரக் கற்க வேண்டியிருப்பது அதனால்தான்.

கையும் கண்ணும்

எக்ஸ்ரே எடுக்குங்கால் உடலை உரிய நிலையில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் முழுப் படமும் கிடைத்துவிடும். மீயொலி ஆய்வு அத்தகையதன்று. கை எங்கே செல்கிறதோ அங்குள்ளது மட்டுமே திரையில் தெரியும். கை செல்லாத இடத்தில் நோய் இருப்பின் அது காணப்படாமலே போகும். ஒரே நோயாளியை ஒரே நாளில் இருவர் ஆய்ந்தால் இருவேறு முடிவுகள் வரக்கூடும் என்று துறையினரே ஒப்புக்கொள்கின்றனர். ஆகவே இங்குக் கருவியின் விலையைக் காட்டிலும் கையின் பயிற்சியே பெரிது.

முதலில் வேண்டுவது வெட்டுமுகத்தைக் கண்டு முழுவுருவத்தை மனத்தில் அமைக்கும் ஆற்றல். இதனை விளக்க அடுக்களையே போதும். வாழைத்தண்டைக் குறுக்கே அரிந்தால் வட்டம் கிடைக்கிறது. சாய்த்து அரிந்தால் நீள்வட்டம். நெடுக்கே பிளந்தால் இரு இணைகோடுகள். தண்டு ஒன்றே, தோற்றம் மூன்று. இரத்தக் குழாயும் திரையில் இவ்வாறே காட்சி தரும். வட்டத்தைக் கண்டவுடன் இது கட்டியா, குழாயின் குறுக்குவெட்டா என ஐயுற்று, கருவியைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பார்க்க வேண்டும். நீண்டு கோடானால் குழாய், வட்டமாகவே நின்றால் உருண்டையான வேறொன்று. இவ்வாறு ஐயுறவும் திருப்பிப் பார்க்கவும் தோன்றாதவர்க்கு இத்துறை ஒத்துவராது. போதாக்குறைக்கு, நோயாளியின் வலப்பக்கம் திரையில் இடப்பக்கமாகத் தோன்றும். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்போரும், தட்டையான துணியில் சட்டையின் வடிவைக் காண வல்ல தையற்கலைஞரும் இதில் விரைந்து தேர்ச்சி பெறுவர் என்பது நம் கருத்து.

ஒரு கை கருவியைப் பிடித்திருக்கும். மற்றொரு கை விசைப்பலகையில் ஆழத்தையும் ஒளிர்வையும் சரிசெய்யும். கண்ணோ கையைப் பாராமல் திரையையே நோக்கும். நகர்த்தல், சாய்த்தல், சுழற்றல், அழுத்தல் என்னும் நான்கசைவுகளும் மில்லிமீட்டர் அளவில் நிகழ வேண்டும். பூத்தையல் தெரிந்த பெண்கள் இத்தகைய கைப்பழக்கத்தை ஓரளவு முன்னரே பெற்றவர்கள்.

அடுத்து, திரையில் காண்பதை எல்லாம் நம்பிவிடாத மனம் வேண்டும். பித்தப்பையில் கல் இருந்தால் ஒலி அதனைக் கடவாது. கல்லின் பின்னே கருநிழல் விழும். அந்நிழல் கல்லுக்குச் சான்று. நீர் நிறைந்த பையின் பின்னாலோ மாறாக வெளிச்சம் மிகும். சில வேளைகளில் இல்லாத உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் மறுபக்கத்தில் தோன்றும். இவற்றுள் எது உறுப்பு, எது ஒலியின் விளையாட்டு எனப் பிரித்தறிய இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். பித்தப்பையில் வெண்மையாக ஒன்று தெரிந்தால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்வர். உருண்டு இடம் மாறினால் அது பெரும்பாலும் கல். சுவரோடு ஒட்டியே நின்றால் தசை வளர்ச்சியாக இருக்கலாம். எளிய சோதனைதான், ஆனால் முப்பது பேர் வெளியே காத்திருக்கையில் அதனைச் செய்யாமல் விடத் தோன்றும். அங்கேதான் பொறுமையின் அளவு தெரியும்.

ஜெல் என்னும் குளிர்ந்த கூழைத் தடவுவது எதற்கென்று பலர் வினவுவர். தோலுக்கும் கருவிக்கும் இடையே சிறிது காற்று இருப்பினும் ஒலி ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டுவிடும். அக்காற்றை அகற்றவே அக்கூழ். குடலில் வாயு மிகுந்திருந்தால் அதன் பின்னுள்ள கணையம் தெரியாமற்போவதும் அக்காரணத்தாலேயே. மேலும், அதிர்வெண் மிகுந்தால் படம் நுண்மையாகும், ஆனால் ஒலி ஆழத்திற்குச் செல்லாது. குறைந்தால் ஆழத்திற்குச் செல்லும், நுண்மை குன்றும். கழுத்திலுள்ள தைராய்டுக்கு ஒரு கருவியும் கல்லீரலுக்கு வேறொரு கருவியும் எடுப்பது இக்கணக்கை ஒட்டியே.

உடல் வலிமையைப் பற்றிக் கூறாது விடுதல் முறையன்று. நாள்தோறும் தோளை உயர்த்தி, மணிக்கட்டை வளைத்து, அழுத்திப் பிடித்தே வேலை செய்வதால் தோள்வலியும் கழுத்துவலியும் மணிக்கட்டு வலியும் இத்துறையினரை மிகுதியாக வருத்துகின்றன. படுக்கையின் உயரத்தையும் தம் இருக்கையின் உயரத்தையும் சரிசெய்துகொள்ளும் பழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே கற்க வேண்டும். நடக்க இயலாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் இவர்கள் கடமையே.

மொழி அறிவும் ஒரு திறனே

தமிழாசிரியர் எழுதும் கட்டுரையில் இப்பகுதி சற்று நீண்டால் படிப்போர் பொறுத்தருள்க.

நம் பெரியம்மா ஒருவர்க்கு வலப்பக்க விலாவின் கீழ் வலி இருந்தது. ஓர் ஆய்வு நிலையத்தில், “சாப்பிடாமல் வாங்கம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினர். அவரும் பசியாறாமலே வந்தார். ஆனால் விடியலில் பால் சேர்த்த தேத்தண்ணீர் இரண்டு குவளை பருகியிருந்தார். அவர் வழக்கில் தேத்தண்ணீர் குடிப்பது சாப்பிடுவதாகாது. பாலிலுள்ள கொழுப்புச் சென்றதும் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல் இருக்கிறதா எனத் தெளிவாகக் காண இயலவில்லை. ஆட்டோவுக்கும் அரைநாளுக்கும் செலவிட்டு வந்தவர் மறுநாளும் வர வேண்டியதாயிற்று. குறை பெரியம்மாவினுடையதன்று. “இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ண வேண்டா, காலையில் டீ, காபி, பால் எதுவும் குடிக்க வேண்டா” என்று சொல்லியிருந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறுவயிறு என்பது தானே அமைந்திருக்கும். மறுநாள் வேறொரு பெண் பணியில் இருந்தாள். “டீ குடிச்சீங்களாம்மா?” என்று முதலிலேயே கேட்டாள். கல் தெரிந்தது, அதன் பின்னே நிழலும் தெரிந்தது.

ஆய்வுக் காலத்தில் நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் கல்லீரலும் பித்தப்பையும் விலாவெலும்பின் மறைவிலிருந்து கீழிறங்கிக் காட்சி தரும். “மூச்சை உள்ளே இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க” என்னும் மூன்று கட்டளைகளை உரிய நேரத்தில், மிரட்டாத குரலில், சொல்லத் தெரிந்தவர் பாதி ஆய்வை முடித்தவராவார். “வலி எப்படி?” என்று கேட்டால் நம் மக்கள் குத்துகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, எரிகிறது, சுருக்கென்கிறது என வெவ்வேறு சொற்களால் விடை கூறுவர். இவை அனைத்தையும் ‘வலி’ என்ற ஒரு சொல்லில் அடக்கி எழுதிவிடுவோர், மருத்துவர்க்குக் கிடைக்க வேண்டிய செய்தியைக் குறைத்து விடுகின்றனர். நெஞ்சுக்குழி, விலா, அடிவயிறு, அரை என்று ஊர்மக்கள் வழங்கும் உறுப்புப் பெயர்களையும் பாடநூற் பெயர்களையும் இணைத்தறியும் மாணவர்க்குத் தமிழ் ஈண்டுச் சோறு போடும் என்பதில் ஐயமில்லை.

ரமளான் மாதத்தில் இவ்வறிவு மேலும் பயன்படும். நோன்பாளிக்குப் பித்தப்பை ஆய்வைப் பிற்பகலில் வைத்தால் வெறுவயிறு தானே அமைந்துவிடும். ஆனால் அடிவயிற்று ஆய்வில் கருப்பையையும் சினைப்பையையும் காணச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அதற்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வர். நோன்பு வைத்த பெண்ணிடம் பகலில் அதனைக் கூறினால் அவள் தயங்கித் திரும்பிவிடுவாள். அவசரமற்ற ஆய்வாயின் நோன்பு திறந்தபின் வரச் சொல்வதற்கு மருத்துவப் புலமை தேவையில்லை. மக்களை அறிந்திருத்தல் போதும். ஆண் பணியாளர் முன் உடலைத் திறக்க நாணி ஆய்வையே தள்ளிப்போடும் தாய்மார் நம் சமுதாயத்தில் மட்டுமல்லர், எல்லாச் சமுதாயத்திலும் உளர். தேவையான இடத்தை மட்டும் திறந்து ஏனையவற்றைத் துணியால் மூடி வைப்பது நல்ல பயிற்சி நிலையங்கள் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. நம் பெண்கள் இத்துறைக்கு வர வேண்டும் என நாம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாவடக்கம்

கையும் கண்ணும் எத்துணைத் தேர்ந்தாலும், நாவையும் முகத்தையும் காக்க இயலாதவர் இப்பணிக்கு ஆகார். படுத்திருப்பவர் திரையைப் பார்ப்பதில்லை. பணியாளரின் முகத்தையே பார்க்கிறார். புருவம் சிறிது நெரிந்தாலும் அவர் உள்ளம் பதறும். கருவிலுள்ள மகவின் இதயத்துடிப்பைத் தேடி அது கிடைக்காத வேளை இத்துறையில் வரவே செய்யும். அப்பொழுது கை நடுங்காமல், பொய்யான ஆறுதலும் கூறாமல், மருத்துவரை அழைத்துவரும் வரை அத்தாயின் அருகில் இருப்பது எந்தப் பாடநூலாலும் முற்றக் கற்பிக்க இயலாதது. ஆய்வின் முடிவைக் கூறும் உரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் இப்பயிற்சி பெற்ற பணியாளரே அறிக்கை எழுதுகின்றனர். அமெரிக்காவில் அவர்கள் எடுத்த படங்களைக் கதிரியல் மருத்துவர் பார்த்து முடிவு கூறுகிறார். எங்காயினும், அறையில் கண்டதை வெளியில் பேசாமை பொது விதி. நம் வழக்கில் சொல்வதாயின், நோயாளியின் உடல் பற்றிய செய்தி பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நம் நாட்டில் நாவடக்கம் சட்டமாகவே இருக்கிறது. 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1996 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டம், கருவிலிருக்கும் மகவு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறெவ்வகையாலோ தெரிவிப்பதைத் தடை செய்கிறது. முதற்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. மீண்டும் செய்தால் ஐந்தாண்டு, ஐம்பதாயிரம் வரை. இத்தண்டனை மருத்துவர்க்கு மட்டுமன்று. நிலையத்தில் ஊழியம் செய்வோர்க்கும் உரியது என்பதைப் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டும். உறவினர் ஒருவர் அன்பாகக் கேட்டார், தெரிந்தவர்தானே என்று குறிப்பால் உணர்த்தினேன் என்பதும் குற்றமே.

இச்சட்டம் ஏன் வந்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சான்று. இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்மக்களுக்கு 1991இல் 945 பெண்மக்கள் இருந்தனர். 2001இல் அது 927 ஆகவும், 2011இல் 919 ஆகவும் குறைந்தது. தமிழ்நாட்டில் 2001இல் 942, 2011இல் 943. உசிலம்பட்டியும் சேலமும் பெண்சிசுக் கொலைக்காகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றதும், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும் பெரியோர்க்கு நினைவிருக்கும். பிறந்தபின் நிகழ்ந்த கொடுமையைப் பிறக்கும் முன்னரே நிகழ்த்த இக்கருவி துணையாயிற்று. அறியாமைக் காலத்து அரபியர் பெண்மகவைப் புதைத்ததைத் திருமறை கண்டித்ததைக் கேட்டு வளர்ந்த நாம், அச்செயல் குளிரூட்டிய அறைக்குள் நிகழும்போது அடையாளம் காணத் தவறலாகாது. ‘படிவம் எஃப்’ எனப்படும் பதிவை ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் பிழையின்றி நிரப்புதல் வேண்டும்; பதிவிலுள்ள குறையே சட்டத்தின் கண்ணில் குற்றமாகக் கருதப்படும் என்பதை உச்ச நீதிமன்றமும் 2019இல் உறுதி செய்தது. எழுத்துப் பணியில் சோம்பலுடையார் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விளம்பரம் சொல்லாதது

இனித் துண்டு விளம்பரத்திற்கு வருவோம். அது சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. நம் நாட்டில் கருவுற்ற பெண்ணுக்கு மீயொலி ஆய்வு செய்யச் சட்டம் மருத்துவரையே அனுமதிக்கிறது. அவரும் அதற்கென வகுத்த தகுதியோ பயிற்சியோ பெற்றிருக்க வேண்டும். பிற வயிற்று ஆய்வுகளிலும் பெரும்பாலும் மருத்துவரே கருவியைப் பிடிக்கிறார். தொழில்நுட்பர் நோயாளியை ஆயத்தம் செய்கிறார், பதிவுகளைக் காக்கிறார், கருவியைத் தூய்மை செய்து பேணுகிறார், உடனிருந்து உதவுகிறார். ஆறு மாதம் படித்த பெண் தானே ஸ்கேன் எடுக்கலாம் என நம்பிப் பணம் கட்டிய பெற்றோரை நாம் அறிவோம். அவள் இன்று வரவேற்பு மேசையில் சீட்டு எழுதுகிறாள். அவ்வேலை இழிந்ததன்று, ஆனால் அதற்கு அத்துணைப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அப்படியாயின் வழியே இல்லையா? உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தோர் கதிரியல், படமாக்கத் தொழில்நுட்பத்தில் இளநிலை அறிவியல் பட்டம் பெறலாம். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து 1934 முதல் இயங்கிவரும் பார்னார்ட் கதிரியல் நிலையம் போன்ற பழம்பெரும் பயிற்சிக் களங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. இப்படிப்பில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றோடு மீயொலியும் ஒரு பகுதி. ஆதலின் ஒரு கதவு மூடினும் மற்றவை திறந்திருக்கும். இதயத் தொழில்நுட்பப் பட்டம் மற்றொரு வழி. ‘எக்கோ’ எனப்படும் இதய மீயொலி ஆய்வைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் பல மருத்துவமனைகளில் தாமே எடுக்கின்றனர். ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் இங்கே எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்சும் 1953இல் தொடங்கி வைத்த கலை அது. துடிக்கும் உறுப்பைப் படம் பிடிப்பதால் கை விரைவும் கணக்கறிவும் சற்று மிகுதியாக வேண்டும்.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மீயொலிப் பணியாளர் என்பது தனித்த தொழில். அமெரிக்காவில் 1975 முதல் இதற்கெனப் பதிவு அமைப்பு இயங்குகிறது. இயற்பியலிலும் சிறப்புப் பிரிவிலும் தேர்வு எழுதியே பதிவு பெற இயலும். வளைகுடா நாடுகளிலும் பட்டச் சான்று, அனுபவச் சான்று ஆகியவற்றை மூல நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்த்தபின் தேர்வு வைத்துத்தான் உரிமம் வழங்குகின்றனர். குறுகிய காலச் சான்றிதழ் அச்சரிபார்ப்பைத் தாண்டாது.

நம் நாட்டிலும் நிலை மாறி வருகிறது. 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய இணை நலவாழ்வுத் தொழிலோர் ஆணையச் சட்டம், இணை நலவாழ்வுத் தொழிலோர் எனக் கொள்ளப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், அதற்கு மேற்பட்ட நிலைக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரப் படிப்பும் வேண்டும் என்கிறது. ஆறு மாதத்தில் 2,000 மணி நேரம் வருமா என்பதைப் பெற்றோரே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஞாயிறும் விடாமல் நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம் வகுப்பு நடந்தாக வேண்டும்.

எனவே கல்லூரியைத் தேடிச் செல்லுமுன், எப்பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது, பயிற்சி எம்மருத்துவமனையில், அங்கே நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள், கடைசி ஆண்டில் உள்ளகப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். மருத்துவமனையின் பெயரைக் கூறத் தயங்கும் நிறுவனத்தில் சேர்க்க வேண்டா. முடிந்தால் அங்குப் படித்துவிட்டு வெளியேறிய ஒருவரைக் கண்டு அவர் இன்று என்ன பணி செய்கிறார் என அறிந்து வாருங்கள்.

நம் கல்லூரியில் இப்போது இளங்கலை பயிலும் மாணவியர்க்கு இப்படிப்பு நேரடியாகத் திறந்திருக்கவில்லை. பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தவர் மட்டுமே மீண்டும் முதலாண்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் அவர்கள் வீடுகளில் பத்தாம் வகுப்பில் படிக்கும் தம்பியரும் தங்கையரும் உளர். அடுத்த சூன் மாதம் அவர்கள் எப்பிரிவை எடுப்பது எனக் கேட்பர். இம்மலரை அவர்கள் கையில் கொடுத்து, வாழைத்தண்டுப் பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். படித்தபின் அடுக்களைக்குச் சென்று ஒரு தண்டை மூன்று விதமாக அரிந்து பார்க்கத் தோன்றியவரிடம் உயிரியல் பிரிவைப் பற்றி மேலும் பேசலாம்.